தலைக்குள் இருந்த மருந்து

நோயின்றி நெடுநாள் வாழ்ந்தார் சிலர் உலகில் இருத்தல் கூடும். வலியை அறியாது வாழ்ந்தார் மிக அரியர். முள் தைத்த காலும், சொத்தை விழுந்த பல்லும், அடுப்பிற் சுட்ட விரலும் அரசனுக்கும் ஆண்டிக்கும் ஒரே பாடத்தையே கற்பிக்கின்றன. எனினும் வலியைப் போலத் தனித்த பொருள் பிறிதொன்றில்லை. அதனைத் துலையிலிட்டு நிறுத்தல் இயலாது; கோல் கொண்டு அளத்தல் இயலாது; ஒருவன் படும் வலியை அருகிருக்கும் மற்றொருவன் சிறிது வாங்கிக் கொள்ளுதலும் இயலாது. ‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்’ என்னும் பழமொழி இவ்வுண்மை பற்றியே எழுந்தது. இத்தகைய வலியை அடக்கவல்ல பொருளொன்றை மனிதன் பன்னெடுங்காலத்திற்கு முன்னரே கண்டுகொண்டான். கசகசாச் செடியின் பசுங்காயைக் கீறிவிட்டால் வெண்மையான பால் வடியும். அப்பால் உலர்ந்து கறுத்ததே அபின்.

இரண்டாண்டுகட்கு முன் எம் பாட்டனார் புற்றுநோயாற் பற்றப்பெற்று இறுதிப் படுக்கையிற் கிடந்தனர். முனகலன்றி வேறு சொல் அவர் வாயினின்றும் எழாத நாட்கள் பல. பின்னர் மருத்துவர் ஒருவர் மார்பீன் என்னும் மருந்தை அளவறிந்து கொடுத்தனர். நோய் நீங்கவில்லை, நீங்காதென்பதை அம்மருத்துவரும் மறைக்கவில்லை. ஆயினும் அன்று மாலையே பாட்டனார் கண் விழித்து, எம்மைப் பெயர் சொல்லி அழைத்து, ‘நடவு முடிந்ததா?’ என்று வினவினர். அவ்விரு சொற்களைக் கேட்டு வீட்டார் அனைவரும் கண்ணீர் உகுத்தனர். அதன்பின் அவர் எம்மோடிருந்த சின்னாட்களில் நோயாளியாக மட்டுமன்றிப் பாட்டனாராகவும் இருந்தனர். அந்நாட்களில் எம் உள்ளத்தில் ஓர் ஐயம் தோன்றிற்று. எங்கோ ஒரு வயலில் விளையும் செடியின் பாலுக்கும், எம் பாட்டனாரின் தலையினுள் இருக்கும் மூளைக்கும் என்ன உறவு? செடி தன்பொருட்டு ஆக்கிக்கொண்ட பொருள், மனிதனது வலியின் இருப்பிடத்தை எவ்வாறு அறிந்து சென்று சேர்ந்தது?

யாம் தமிழ் கற்கும் மாணாக்கர், விஞ்ஞானம் பயின்றேமல்லேம். எனினும் இவ்வையத்தைத் தீர்த்துக்கொள்ளும் பொருட்டு நூலகத்திற் புகுந்து தேடியபோது, இதே வினாவைத் தம் முதுமைக் காலத்தில் எடுத்துக்கொண்டு விடையும் கண்ட ஒரு பேரறிஞரின் வரலாறு எமக்குக் கிட்டியது. அவர் பெயர் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸ். அவ்வரலாற்றை எம்போன்ற விஞ்ஞானம் பயிலாத மாணாக்கரும் விளங்கிக் கொள்ளுமாறு தமிழில் எழுதிப் பார்த்தல் தகும் என்று துணிந்தோம். விஞ்ஞான வகுப்பு நண்பர்கள் எம் சொற்களிற் காணும் குறைகளைப் பொறுத்தருள்வாராக.

காஸ்டர்லிட்ஸின் பணியை அறிதற்கு முன், அபினின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். அபினுள் பல பொருள்கள் கலந்துள்ளன. அவற்றுள் வலியைத் தணிப்பது யாது என்பதனை ஏறத்தாழ 1805-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டில் மருந்துக் கடையொன்றிற் பணியாற்றிய செர்ட்டியூர்னர் என்னும் இளைஞர் பிரித்தெடுத்தனர். கிரேக்கர் வணங்கிய கனவுத் தெய்வமாகிய மார்பியஸின் பெயரால் அதற்கு மார்பீன் என்னும் பெயர் உண்டாயிற்று. இம்மருந்து வலியை அடக்குவது உண்மையே. ஆயின் அதனைப் பலகாலும் உட்கொள்வாரது உடல் அதற்குப் பழகிவிடும். முன்னை அளவு பின்னைப் போதாது. நிறுத்தினாலோ உடல் நடுங்கித் துன்புறும். அளவு மிகின் மூச்சே அடங்கிவிடும். இத்தீமைகள் இல்லாத மருந்தொன்றைக் காண வேண்டுமென்று அறிஞர் பலர் முயன்றனர். 1898-இல் ஹெராயின் என்னும் மருந்து இருமலைத் தணிக்கும் நல்மருந்தென்று விற்பனைக்கு வந்தது. அது மார்பீனினும் கொடிய அடிமைத்தனத்தை விளைப்பதென்பதைப் பின்னரே உலகம் உணர்ந்தது.

இனி, மருந்து உடலுள் எவ்வாறு வேலை செய்கின்றது? ஒரு பூட்டையும் அதன் திறவுகோலையும் எண்ணிக் கொள்க. உயிரணுவின் மேற்புறத்தே மிக நுண்ணிய பூட்டுக்கள் போன்ற அமைப்புக்கள் உள. குறித்த வடிவுடைய மருந்தே அவற்றுட் பொருந்தும். பொருந்திய அளவில் உயிரணுவினுள் மாறுதல் நிகழும். தன்பால் வருவதனை ஏற்றுக்கொள்வதாகலின் இவ்வமைப்பினை ஏற்பி என்று தமிழில் வழங்குகின்றனர். மார்பீன் மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்வதனாலும், அதன் வடிவிற் சிறு மாற்றம் செய்யின் அதன் ஆற்றல் கெடுவதனாலும், அதற்கும் ஓர் ஏற்பி இருத்தல் வேண்டுமென்று அறிஞர் கருதினர். வலக்கையும் இடக்கையும் போல ஒன்றற்கொன்று கண்ணாடி நிழலாக அமைந்த இருவகை மருந்துகளுள் ஒரு வகையே வலியைத் தணித்தது, மற்றையது தணிக்கவில்லை. வலக்கையின் உறை இடக்கைக்குச் செவ்வனே பொருந்தாமை போலும் இது. ஆயினும் அவ்வேற்பியை எவரும் கண்டாரல்லர். அது கருத்தளவிலேயே நின்றது.

காஸ்டர்லிட்ஸ் 1903-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 27-ஆம் நாள் பெர்லின் நகரிற் பிறந்தனர். தந்தையார் மருத்துவர். மகனும் மருத்துவக் கல்வியே கற்று, அந்நகரத்தின் புகழ்பெற்ற சாரிட்டே மருத்துவமனையிற் பணியாற்றினர். அவர் யூத மரபில் வந்தவர். 1933-இல் ஹிட்லரின் கட்சியார் ஜெர்மனியின் ஆட்சியைக் கைப்பற்றி, யூத மரபினரை அரசாங்கப் பணிகளினின்றும் நீக்கச் சட்டம் செய்தனர். முப்பது வயதினரான இம்மருத்துவர் ஒரே நாளில் வேலையையும் எதிர்காலத்தையும் இழந்தனர். 1934-இல் அவர் தாய்நாட்டை விட்டு நீங்கி, ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடற்கரையில் உள்ள அபர்தீன் நகரத்தை அடைந்தனர்.

அபர்தீன் சர்வகலாசாலையில் அந்நாளிற் பேராசிரியராயிருந்தவர் மக்லவுட் என்பார். அவர் நீரிழிவுக்கு மருந்தாகும் இன்சுலினைக் கண்டமைக்காக 1923-இல் பாண்டிங் என்பாரோடு நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். உடலில் சர்க்கரை அடையும் மாறுதல்களை ஆராய விழைந்த காஸ்டர்லிட்ஸ் அவரை அடைக்கலமாக அடைந்தனர். ஆயின் விதி அவரை அங்கும் விடவில்லை. 1935-இல் மக்லவுட் காலமானார். அயல்நாடு, அயல்மொழி, ஆதரித்தவரும் இலர். பிறிதொருவராயின் மனம் உடைந்திருப்பர். இவரோ அவ்விடத்தை விட்டகலாது தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தனர். பாலிலுள்ள சர்க்கரையின் ஒரு பகுதியாகிய காலக்டோஸ் என்பது ஈரலில் எவ்வாறு மாறுகின்றது என்பதை ஆராய்ந்து, அம்மாற்றத்தின் முதற்படியை விளக்கினர். 1937-இல் மணம் புரிந்துகொண்டனர். அபர்தீன் அவருக்குப் புகலிடமாக வந்து, பின் ஊராகவே ஆயிற்று. 1996-இல் அவர் இறக்குமளவும் அறுபதாண்டுகட்கு மேலாக அவர்க்கு ஊர் அதுவே.

சர்க்கரையை ஆராய்ந்தவர் வலியை ஆராயத் தொடங்கியது எங்ஙனம்? இடையே ஒரு வழி இருந்தது. அது குடலின் வழி. உணவைத் தள்ளும் பொருட்டுக் குடல் தானே சுருங்கியும் விரிந்தும் அசைகின்றது. அவ்வசைவை நடத்தும் நரம்புகளை அவர் ஆராயப் புகுந்தனர். அபின் உண்டவர்க்கு மலம் கட்டும் என்பதும், வயிற்றுப்போக்கிற்கு அபின் மருந்தாம் என்பதும் பண்டையோரும் அறிந்தவை. எனவே அப்பொருள் மூளையில் மட்டுமன்றிக் குடலிலும் ஏதோ செய்கின்றது என்பது தெளிவு. 1957-இல் பேட்டன் என்னும் ஆங்கில அறிஞர், கினிப்பன்றி என்னும் சிறு பிராணியின் சிறுகுடற் பகுதியை எடுத்து மின்சாரத்தாற் தூண்டியபோது உண்டாகும் சுருக்கத்தை மார்பீன் குறைத்தல் கண்டனர். குடலின் நரம்புகள் வெளியிடும் ஒரு பொருளை மார்பீன் வெளிவராது தடுத்தலே அதற்குக் காரணம். இச்சோதனையைக் காஸ்டர்லிட்ஸ் தம் கருவியாக ஆக்கிக்கொண்டனர்.

அக்கருவி மிக எளியது. வெதுவெதுப்பான உப்புநீர் நிரம்பிய கண்ணாடிக் குழாய் ஒன்று. அதனுட் பிராணவாயு குமிழியிடும். நீரின் நடுவே விரலளவிற்கும் குறைந்த குடற்றுண்டு ஒன்று நூலாற் கட்டப்பட்டுத் தொங்கும். மின்சாரம் தீண்டுந்தோறும் அத்துண்டு துடிக்கும். அத்துடிப்பைப் பொறியொன்று தாளிற் கோடாக வரையும். நீரில் மார்பீன் ஒரு துளி கலந்தால் கோடு தாழும். எவ்வளவு மருந்திற்குக் கோடு எவ்வளவு தாழ்கின்றது என்பதைக் கணக்கிட்டால் மருந்தின் வன்மை தெரியும். பல மருந்துகளை இவ்வாறு நிறுத்துப் பார்த்ததில், குடற்றுண்டின் துடிப்பை மிகுதியாகக் குறைத்த மருந்து மனிதன் வலியையும் மிகுதியாகத் தணித்ததாகவும், அதனைச் சிறிதே குறைத்தது வலியையும் சிறிதே தணித்ததாகவும் காணப்பட்டது. அளக்க இயலாத வலியின் மருந்தை அளத்தற்கு, நாறும் குடலின் ஒரு துண்டே துலாக்கோலாயிற்று!

இத்துலாக்கோலைச் செம்மை செய்தது மற்றொரு பொருள். அதன் பெயர் நலாக்சோன். அது பூட்டினுட் புகும். ஆயிற் பூட்டைத் திறவாது. தான் உள்ளே நின்றுகொண்டு மார்பீனை உட்புகவிடாது தடுக்கும். குடற்றுண்டின் துடிப்பை ஒரு பொருள் குறைத்தல் கண்டு, பின் நலாக்சோன் இட்ட அளவில் துடிப்பு மீண்டுமாயின், அப்பொருள் மார்பீனின் பூட்டையே நாடிச் சென்றது என்று துணியலாம். நலாக்சோனின் இவ்வியல்பை 1968-இல் காஸ்டர்லிட்ஸும் வாட் என்பாரும் அளவிட்டுக் காட்டினர். அவ்வாண்டிலேயே அவர் அபர்தீனில் மருந்தியற் பேராசிரியராயினர். அப்போது அவர்க்கு வயது அறுபத்தைந்து. பலர் பணியை விட்டு நீங்கும் அவ்வயதில் அவர் பேராசிரியர் இருக்கையில் அமர்ந்தனர்.

1973-ஆம் ஆண்டு பிறந்தது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஸ்னைடர் என்னும் பேராசிரியரும், அவர் மாணவியாகிய காண்டேஸ் பெர்ட் என்னும் இளநங்கையும், நியூயார்க்கில் சைமன் என்பாரும், சுவீடன் நாட்டின் உப்சாலாவில் டெரீனியஸ் என்பாரும் அவ்வொரே ஆண்டில் ஒருவரையொருவர் சாராது மார்பீன் ஏற்பி மூளையில் உள்ளதென்று மெய்ப்பித்தனர். கதிரியக்கம் ஊட்டப்பெற்ற மருந்தை மூளையின் கூழிற் கலந்து, கூழில் ஒட்டிக்கொண்ட பகுதியை அளந்து கண்ட உண்மை இது. கருத்தளவில் நின்ற பூட்டு மெய்யாகவே கிடைத்துவிட்டது. அப்பூட்டு மனிதனுக்கும் குரங்கிற்கும் மட்டும் உரியதன்று. முதுகெலும்புடைய விலங்குகள் பலவற்றிலும், தாடையற்ற கடல்வாழ் மீனினத்தொன்றிலும் கூட அது காணப்பட்டது.

ஈண்டுத்தான் எம் ஐயம் தன் முழு வடிவைப் பெறுகின்றது. கடலடியில் வாழும் மீன் கசகசாச் செடியை எங்கே கண்டது? செடியைக் காணாத உயிரின் தலையில் செடியின் திறவுகோலுக்கு ஏற்ற பூட்டு ஏன்? இல்லாத திறவுகோலுக்காக எந்தக் கொல்லனும் பூட்டுச் செய்யான். ஆகலின் அப்பூட்டிற்கு உரிய உண்மைத் திறவுகோல் உடலினுள்ளேயே இருத்தல் வேண்டும். செடியின் மார்பீன் அதனைத் தற்செயலாக ஒத்த கள்ளத் திறவுகோலே. இதற்கு வேறொரு சான்றும் இருந்தது. 1969-இல் எலியின் மூளை நடுவே குறித்த ஓரிடத்தை மின்சாரத்தாற் தூண்டியபோது அறுவையின் வலியையும் அது உணராதிருந்தது. அத்தகைய வலியின்மையை நலாக்சோன் ஒருவாறு குறைத்ததென்பதை 1972-இல் வேறு சிலர் கண்டனர். மின்சாரம் எதனையோ சுரக்கச் செய்தது, அது யாது?

அதனைத் தேடும் பணியைக் காஸ்டர்லிட்ஸும் அவருடைய இளந்துணைவர் ஜான் ஹ்யூஸும் மேற்கொண்டனர். காஸ்டர்லிட்ஸ் 1973-இல் பேராசிரியர் பதவியினின்றும் ஓய்வு பெற்றனர்; ஆயினும் அடிமைப்படுத்தும் மருந்துகளை ஆராய்தற்கென அபர்தீனில் நிறுவப்பெற்ற சிறு ஆராய்ச்சிச்சாலைக்குத் தலைவராயினர். வயதோ எழுபது. ஹ்யூஸுக்கு முப்பதிற்குச் சிறிது மிகுதி. தேடிய பொருள் மூளையில் மிகச் சிறிய அளவே இருக்குமாகலின் மூளைகள் பல வேண்டியிருந்தன. ஹ்யூஸ் விடியற்காலையில் மிதிவண்டியில் ஏறிப் பன்றி அறுக்கும் சாலைக்குச் சென்று, பன்றித் தலைகளினின்றும் மூளையை எடுத்துப் பனிக்கட்டியினுள் வைத்துக் கொணர்வர் என்பர். அங்குள்ள தொழிலாளரின் நட்பைப் பெறுதற்கு அந்நாட்டு மதுப்புட்டி உதவிற்றாம். தலைவன் தோழிக்குக் கையுறை கொண்டு செல்லுதலை அகப்பொருளிற் கற்ற யாம், விஞ்ஞானத்திற்கும் கையுறை வேண்டியிருந்தமை கண்டு புன்முறுவல் பூத்தோம்.

கொணர்ந்த மூளைகளை அரைத்து, வடித்து, வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக நீக்கி, எஞ்சிய சாற்றை முன் கூறிய துலாக்கோலில் இட்டுப் பார்த்தனர். கினிப்பன்றியின் குடற்றுண்டோடு, சுண்டெலியின் விந்துநாளம் என்னும் மற்றொரு துண்டையும் அவர்கள் சோதனைக்குப் பயன்படுத்தினர். சாற்றைத் துளி விட்டனர், துடிப்புத் தாழ்ந்தது. நலாக்சோனை இட்டனர்; துடிப்பு மீண்டது. செடியின் உதவியின்றி விலங்கின் மூளையே மார்பீன் போன்றதொரு பொருளை ஆக்குகின்றது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? ஆயினும் காஸ்டர்லிட்ஸ் எளிதில் நம்புவாரல்லர். குடலின் துடிப்பைக் குறைக்கும் வேறு பொருள்கள் பல உள. அவற்றுள் ஒன்றோ இது என்று ஐயுற்று, மீண்டும் மீண்டும் சோதித்த பின்னரே துணிந்தனர். புரதத்தை அறுக்கும் ஒரு நொதியை இட்டபோது சாற்றின் ஆற்றல் கெட்டது. எனவே அப்பொருள் புரதத்தின் இனத்தைச் சார்ந்த சிறு சங்கிலி என்பது தெரிந்தது.

1975-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞான இதழில் அப்பொருளின் முழு அமைப்பும் வெளியாயிற்று. அபர்தீனின் ஆசிரியர் சிலரும், அணுக்கூட்டங்களை நிறுத்துப் பிரிக்கும் கருவியில் வல்ல ஹோவர்ட் மாரிஸ் என்பாரும் அதிற் பங்கு கொண்டனர். அப்பொருள் ஒன்றன்று, இரண்டு. ஒவ்வொன்றும் ஐந்து அமினோ அமிலங்களாலாயது. முதல் நான்கும் இரண்டிற்கும் பொது. அவை டைரோசின், கிளைசின், மீண்டும் கிளைசின், பினைல் அலனின் என்பன. ஐந்தாவது மட்டும் ஒன்றில் மெதியோனின், மற்றொன்றில் லியூசின். இதனைப் படித்த அளவில் எமக்கு இலக்கணத்தில் வரும் கடைப்போலி நினைவிற்கு வந்தது. பந்தல் என்பது பந்தர் என்றும், அறம் என்பது அறன் என்றும் இறுதியெழுத்துத் திரிந்தும் பொருள் திரியாது நிற்றல் போல, இவ்விரு பொருள்களும் கடையெழுத்து மாறியும் தொழிலிற் பெரிதும் ஒத்து நிற்கின்றன. கிரேக்க மொழியில் ‘தலைக்குள் இருப்பது’ என்னும் பொருள்பட இவற்றிற்கு என்கெபலின் என்று பெயரிட்டனர்.

ஒரு கதவு திறந்தபின் அறைகள் பல தோன்றின. என்கெபலினின் ஐந்தெழுத்தும் முன்னரே அறியப்பட்டிருந்த ஒரு நெடிய புரதத்தின் இடையே அமைந்திருத்தல் தெரிந்தது. 1976-இல் லீ என்னும் சீன மரபினரான அமெரிக்க விஞ்ஞானி, ஒட்டகத்தின் தலையிலுள்ள பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பியினின்றும் தாம் எடுத்திருந்த முப்பத்தோர் அமினோ அமிலச் சங்கிலி ஒன்று அத்தொடக்கத்தையே உடையதென்று காட்டினர். அதுவே எண்டார்பின், ‘உடலினுள் தோன்றும் மார்பீன்’ என்பது அப்பெயரின் கருத்து. 1977-இல் காஸ்டர்லிட்ஸும் துணைவரும், தம் இரு துலாக்கோல்களும் ஒரே மருந்திற்கு வெவ்வேறு விடை தருதலை ஊன்றி நோக்கி, பூட்டு ஒரு வகையன்று, பல வகை என்று நிறுவினர். முன்பு அறியப்பட்ட மியூ, கப்பா என்னும் இருவகைகளோடு, டெல்டா என்னும் வகையும் சேர்ந்தது.

இப்பொருள்கள் வலியை எங்ஙனம் அடக்குகின்றன? காலில் முள் தைத்த செய்தி நரம்பின் வழியே முதுகுத் தண்டை அடைந்து, அங்கே வேறொரு நரம்பிற்குக் கைமாறி, மூளைக்கு ஏறுகின்றது. கைமாறும் இடத்தில் முதல் நரம்பு ஒரு பொருளைச் சுரந்தாலன்றிச் செய்தி அப்பாற் செல்லாது. என்கெபலின் அந்நரம்பின் ஏற்பியிற் பொருந்தி அச்சுரப்பைக் குறைக்கின்றது. அடுத்த நரம்பையும் எளிதிற் கிளர்ந்தெழாதவாறு அமைதிப்படுத்துகின்றது. குடற்றுண்டிற் கண்டதும் இதனை ஒத்த நிகழ்ச்சியே. 1978-இல் பல் பிடுங்கப்பெற்ற நோயாளிகளுக்கு மருந்தில்லா வெறும் நீரை மருந்தென்று கொடுத்துப் பார்த்தனர். நம்பிக்கையினாலேயே வலி குறைந்தவர் சிலர். அவர்க்கு நலாக்சோன் கொடுத்தபோது வலி கூடிற்று. ஆதலின் நம்பிக்கையால் தணிந்த வலியும் வெறுங் கற்பனையன்று. தலைக்குள் இருக்கும் மருந்தின் தொழிலும் அதிற் கலந்திருந்தது என்று அவ்வாராய்ச்சியாளர் கருதினர்.

இவற்றையெல்லாம் கேட்ட உலகம் பெருமகிழ்ச்சி கொண்டது. உடலே ஆக்கும் பொருளாதலின் அதனையே மருந்தாக்கினால் அடிமைத்தனம் விளையாது என்று பலரும் எண்ணினர். உண்மையை மறைத்தலாகாது, அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. என்கெபலின் உடலிற் சில கணங்களிலேயே சிதைந்தொழிகின்றது. குருதியிற் செலுத்தினால் மூளையினுள் எளிதிற் புகுவதுமில்லை. சிதையாதவாறு திருத்தி மூளையினுள்ளே நேரே செலுத்திப் பார்த்தபோதோ, விலங்குகளின் உடல் மார்பீனுக்குப் பழகுதல் போலவே அதற்கும் பழகிற்று. குற்றம் திறவுகோலில் மட்டுமன்று. ஓயாது திறக்கப்படும் பூட்டும் தன் இயல்பு திரிகின்றது. உடல் தன் மருந்தைத் துளித்துளியாக, வேண்டிய இடத்தில், வேண்டிய கணத்தில் மட்டும் சுரக்கின்றது. நாமோ உடல் முழுவதும் ஒருசேர அதனை நிரப்புகின்றோம். இவ்வேறுபாடு மருத்துவர்க்கு இன்றும் தீராத சிக்கலாகவே நிற்கின்றது.

இதனை மறந்தமையால் விளைந்த கேடும் பெரிது. 1990-களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவில் மார்பீன் இனத்து மருந்துகள் அஞ்சவேண்டாதன என்று கூறப்பெற்று அளவின்றி வழங்கப்பட்டன. அவற்றிற்கு அடிமையானோர் பின்னர் ஹெராயினையும், அதனினும் கொடிய பெண்டனிலையும் நாடினர். 2021-ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டிற் போதை மருந்து மிகையால் இறந்தோர் 1,00,000-க்கு மேற்பட்டவர். அவருட் பெரும்பாலோர் இவ்வினத்து மருந்துகளாலேயே மாண்டனர். மூச்சடங்கி வீழ்ந்தாரை மீட்பது எது? காஸ்டர்லிட்ஸ் தம் துலாக்கோலில் நாள்தோறும் துளியிட்ட அதே நலாக்சோன்தான். 2023-இல் அதன் மூக்குத் தெளிப்பு மருந்தை மருத்துவர் சீட்டின்றியே எவரும் வாங்கலாம் என்று அந்நாட்டு அரசாங்கம் இசைவளித்தது. குடற்றுண்டின் துடிப்பை மீட்ட பொருள் இன்று தெருவில் வீழ்ந்து கிடக்கும் இளைஞனது மூச்சை மீட்கின்றது.

புகழ் வந்த வழியில் நேர்ந்த ஒரு குறையையும் கூறாது விடுதல் நேர்மையன்று. 1978-இல் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு காஸ்டர்லிட்ஸுக்கும், ஹ்யூஸுக்கும், ஸ்னைடருக்கும் அளிக்கப்பட்டது. ஏற்பியை மெய்ப்பித்த சோதனைகளைத் தம் கையாற் செய்த காண்டேஸ் பெர்ட்டின் பெயர் அதில் இல்லை. அவ்வம்மையார் தம் மனக்குறையை வெளிப்படையாக எழுதினர். விஞ்ஞானிகளிடையே அது நெடுநாள் பேசப்பட்டது. ஆசிரியரின் பெயரோடு மாணாக்கரின் உழைப்பும் எண்ணப்படல் வேண்டும் என்பதை மாணாக்கராகிய யாம் கூறின் தன்னலம் என்பார் உளரேனும், உண்மை உண்மையே.

காஸ்டர்லிட்ஸ் 1978-இல் இலண்டன் இராயல் சங்கத்தின் உறுப்பினரானார். அடுத்த ஆண்டு அச்சங்கத்தின் பதக்கமும் பெற்றனர். தொண்ணூற்று மூன்று வயதளவும் வாழ்ந்து, 1996-இல் அபர்தீனிலேயே மறைந்தனர். 1943-இல் அந்நகரிற் பிறந்த அவர் மகனார் மைக்கேல் காஸ்டர்லிட்ஸ் பௌதிக சாஸ்திரத்திற்குரிய நோபெல் பரிசை 2016-இல் வேறிருவருடன் பகிர்ந்து பெற்றனர். ஒரு நாடு வேண்டாவென்று விலக்கிய குடும்பம் பிறிதொரு நாட்டிற்கும் உலகிற்கும் அளித்த செல்வத்தை இதனால் அறியலாம்.

அன்பர்களே! இவ்வரலாற்றில் எம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது யாதெனின், ஐம்பது வயதளவும் அவர் செய்தவற்றுள் ஒன்றேனும் வலியைப் பற்றியதன்று என்பதே. சர்க்கரையை ஆராய்ந்தனர், குடலை ஆராய்ந்தனர், ஒரு சிறு துண்டின் துடிப்பை ஆண்டுக்கணக்கில் அளந்தனர். அவ்வளவையில் அவர் காட்டிய நேர்மையே, பிறர் மூளையில் பூட்டைக் கண்டபோது, அதன் திறவுகோலைக் காணும் தகுதியை அவர்க்கு அளித்தது. பெரிய வினாவிற்கு விடை காண்பதற்குச் சிறிய வேலையைச் செவ்வனே செய்யும் பழக்கமே வழி என்பது எம் துணிபு.

எம் ஐயமும் ஒருவாறு தீர்ந்தது. செடியின் பால் எம் பாட்டனாரின் தலைக்குட் புதியதொன்றைக் கொண்டு செல்லவில்லை. அவர் தலைக்குள் முன்னரே இருந்த கதவொன்றை, அவர்தம் உடலின் மருந்து போதாதொழிந்த நாளில், வெளியிலிருந்து வந்து திறந்தது. அக்கதவை அளவறிந்து திறக்கும் மருத்துவனால் ஒரு முதியவர் நடவைப் பற்றி வினவ முடிகின்றது; அளவறியாது திறப்பானால் ஓர் இளைஞனின் மூச்சு அடங்குகின்றது. மருந்து ஒன்றே, வேறுபாடு அறிவில் உள்ளது. அடிமைப்படுத்தாது வலியை மட்டும் அடக்கும் மருந்தைத் தேடும் வேலை இன்னும் முடியவில்லை. அதனை முடிப்பவர் எம் கல்லூரியின் சோதனைச்சாலையில் இன்று குடுவை கழுவிக்கொண்டிருக்கும் நண்பருள் ஒருவராகவும் இருத்தல் கூடும். அந்நாள் வருங்கால் அவர் கண்ட பொருளுக்கு நல்லதொரு தமிழ்ப்பெயர் இடும் பணியை எமக்கு விட்டுவைப்பாராக.